ஹெச்2 என்றால் இரண்டாவது தலைப்பு இல்லை, ஆச்சி

பள்ளத்தூரில் பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்பும் ஓர் ஆச்சி கேட்ட கேள்வி இது: “தம்பி, பேரன் வேர்ட்பிரஸில் பக்கம் போட்டுக் கொடுத்துவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டான். பலகாரம் ஒவ்வொன்றையும் நானே டைப் செய்து ஏற்றினேன். தலைப்பு வைக்கிற இடத்தில் ஹெச்1 முதல் ஹெச்6 வரை காட்டுகிறது. முதல் தலைப்புக்கு 1, அடுத்ததுக்கு 2 என்று போட்டுக்கொண்டே வந்தேன், ஆறோடு நின்றுவிட்டது. ஏழாவது பலகாரத்துக்கு என்ன போடுவது? இன்னொன்று, கண் தெரியாத என் அண்ணன் போனில் இதைக் கேட்டுப் பார்த்துவிட்டு, ‘எல்லாம் ஒரே மூச்சா ஓடுது, தேன்குழல் எங்க இருக்குன்னே பிடிபடல’ என்கிறார். தலைப்பைச் சரியாக வைத்தால் கூகுளில் மேலே வருமாமே? எப்படித்தான் வைப்பது?”

ஆச்சி, ஏழாவதுக்கு என்ன போடுவது என்று படித்ததும் சிரித்துவிட்டேன். கேலி இல்லை. நானும் ஒரு காலத்தில் இதைவிட மோசமாகச் செய்தவன்தான். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த எண்களின் கணக்கைத் தீர்த்துவிடுவோம். ஹெச் என்பது ஹெடிங், அதாவது தலைப்பு; கூட வரும் எண் அதன் நிலை.

உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து ஏறினால் முகப்பு, அப்புறம் வளவு, அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி, பின்வாசலைத் திறந்தால் அடுத்த தெரு. இதை வைத்து விளக்க வருகிறவர்கள் முதல் கட்டு ஹெச்1, இரண்டாம் கட்டு ஹெச்2 என்று சொல்லிவிடுவார்கள். அங்கேதான் வழுக்குகிறது. கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பவை, ஒன்றுக்குள் ஒன்று அடங்கியவை இல்லை. இந்த எண் சொல்வது வரிசையை இல்லை, எது எதற்குள் அடக்கம் என்பதை.

வீடு முழுவதுக்கும் ஒரு விலாசம் இருக்கிறதே, அதுதான் ஹெச்1. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி நான்குமே ஹெச்2. நான்கும் ஒரே தரம், முன்னே இருப்பதால் முகப்பு உசத்தியும் இல்லை, பின்னே இருப்பதால் அடுப்படி மட்டமும் இல்லை. வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் ஒவ்வொன்றும் ஹெச்3. அறை பத்து இருந்தால் பத்துக்கும் ஹெச்3தான். அந்த அறைக்குள் ஒரு பெட்டகம் இருந்து அதற்கும் தனியாகப் பெயர் சொல்ல வேண்டியிருந்தால் ஹெச்4. வளவைப் பார்த்து முடித்து அடுப்படிக்குப் போனால் மறுபடி ஹெச்2. ஆக, உங்கள் ஏழாவது பலகாரத்துக்கும் எழுபதாவது பலகாரத்துக்கும், முதல் பலகாரத்துக்குக் கொடுத்த அதே எண்தான்.

ஆறு ஏன் என்று கேட்பீர்கள். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல், வலைப்பக்கம் எழுதும் குறிமொழியான ஹெச்டிஎம்எல்லின் குறிகளை விவரித்து எழுதிய முதல் குறிப்பிலேயே ஹெச்1 முதல் ஹெச்6 வரை இருக்கிறது. வலைப்பக்கங்களுக்கு முந்தைய ஆவண முறைகளிலிருந்து வந்த பழக்கம் அது. நடைமுறையில் நாலாவதைத் தாண்டுகிறவர்கள் சட்டப் புத்தகம், பாடப் புத்தகம் ஏற்றுகிறவர்கள்தான். நமக்கு மூன்று போதும்.

இப்போது உங்கள் அண்ணன் விஷயம். என் பார்வையில் உங்கள் கேள்வியில் முக்கியமானது இதுதான், கூகுள் இரண்டாம்பட்சம்.

பெரியவர்கள் காலத்துக் கணக்கை நினைத்துப் பாருங்கள். குறிப்பேட்டில் அன்றன்றைக்கு நடந்தது வரிசையாக விழும். பேரேட்டில் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பேர் போட்டு, அந்தப் பேருக்குக் கீழே அவர் வரவும் பற்றும் இருக்கும். ஒருவருடைய பாக்கி எவ்வளவு என்று பார்க்கப் பேரேட்டைத்தான் எடுப்பார்கள். குறிப்பேட்டை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டு உட்கார யாருக்கும் பொறுமை கிடையாது. உங்கள் அண்ணன் போனில் இப்போது கேட்பது குறிப்பேடு. கண் தெரிந்தவர்கள் விரலால் வேகமாக நகர்த்தி, பெரிய எழுத்து கண்ணில் பட்டதும் நிறுத்திக்கொள்வார்கள். காதுக்கு அந்த வசதி இல்லை. ஒலி ஒரு நூல் மாதிரி வருகிறது, நடுவில் எங்கே முடிச்சு இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் உண்டு. தலைப்புக் குறி அந்த முடிச்சு.

அவரிடம் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதில் படித்துக் காட்டுவது டாக்பேக். மூன்று விரலைச் சேர்த்து மேலேயோ கீழேயோ தள்ளினால், எழுத்து, சொல், வரி, இணைப்பு என்று படிக்கும் முறை மாறிக்கொண்டே வரும். தலைப்புகள் என்று அது சொன்னதும் நிறுத்திக்கொண்டு, ஒரு விரலால் கீழே தள்ளினால் அடுத்த தலைப்புக்குத் தாவும், மேலே தள்ளினால் முந்தையதுக்கு வரும். ஐபோனில் இரண்டு விரலைத் திருகாணி திருப்புவதுபோலத் திருப்பித் தலைப்புக்கு வர வேண்டும், மற்றபடி இதே வேலைதான். கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற திரைபடிப்பான் இன்னும் சௌகரியம். ஆங்கில எழுத்து ஹெச்சைத் தட்டினால் அடுத்த தலைப்பு, 2 என்ற எண்ணைத் தட்டினால் அடுத்த ஹெச்2, 3 தட்டினால் அடுத்த ஹெச்3. எல்லாத் தலைப்பையும் மொத்தமாகப் பட்டியல் போட்டும் காட்டும்.

இது எங்கோ ஓரிருவர் செய்வது என்று நினைத்துவிடாதீர்கள். வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு திரைபடிப்பான் பயன்படுத்துகிறவர்களிடம் சில வருடத்துக்கு ஒரு முறை கருத்துக் கேட்கிறது. நீளமான பக்கத்தில் வேண்டியதைத் தேட முதலில் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, 2021-லும் 2024-லும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் சொன்ன பதில், தலைப்புகளின் வழியே போவோம் என்பதுதான்.

உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பாதித் தலைப்பில் எண் வரிசை, மீதிப் பாதியில் எழுத்தைத் தடிமனாக்கி விட்டிருக்கிறீர்கள். இரண்டு இடத்தில் வாட்ஸ்அப்பில் போடுவதுபோல நட்சத்திரக் குறிகூட இருக்கிறது. தடித்த எழுத்து கண்ணுக்குத் தலைப்பு மாதிரி தெரியும். டாக்பேக்குக்கு அது சாதாரண வரி, தாண்டிப் போய்விடும். அண்ணனுக்குத் தேன்குழல் பிடிபடாததற்கு அதுதான் காரணம், உங்கள் பக்கத்தில் தேன்குழல் வெறும் தடித்த எழுத்தில் இருக்கிறது. வலைப்பக்க அணுகல் வழிகாட்டியில், அதாவது 2008-இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் பிறகு வந்த திருத்தங்களிலும், 1.3.1 என்ற விதி இதைத்தான் சொல்கிறது: கண்ணுக்குத் தெரிகிற அமைப்பு, கருவிக்கும் தெரிகிற மாதிரி குறியில் இருக்க வேண்டும்.

இப்போது நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கோயில் குடமுழுக்குக்குப் பக்கம் செய்து கொடுத்தேன். பத்திரிகை அடிக்கிற புத்தி. எந்த எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டுமோ, அந்த அளவுக்கு எந்த ஹெச் பொருந்துகிறதோ அதை எடுத்துப் போட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது. ஒரு வாரம் கழித்துத் திருச்சியிலிருந்து பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். “தம்பி, யாகசாலை பூஜை நாலாம் நிலைத் தலைப்பு, நன்கொடையாளர் பட்டியல் முதல் நிலைத் தலைப்பு. உங்க ஊர்ல சாமியைவிட நன்கொடை கொடுத்தவர் பெரியவரோ?” என்றார். எனக்கு அன்றைக்குத்தான் அந்த எண்களை ஒருவர் காதால் கேட்கிறார் என்பதே தெரியும்.

அதனால் அளவுக்காக எண்ணைத் தொடாதீர்கள். பிரவுசர் தானாகக் கொடுக்கும் அளவுகள் வெறும் தொடக்க ஏற்பாடு. சாதாரண எழுத்து 16 பிக்சல் என்றால் ஹெச்1 அதைப் போல இரண்டு மடங்கு, 32. ஹெச்2 24. ஹெச்3 ஏறக்குறைய 19. ஹெச்4 சாதாரண எழுத்தின் அளவேதான். ஹெச்5, ஹெச்6 இரண்டும் சாதாரண எழுத்தைவிடச் சிறியவை. ஹெச்2 ரொம்பப் பெரிதாகத் தெரிகிறதென்றால் அதை ஹெச்4 ஆக்குவது, அறை பெரிதாக இருக்கிறதென்று அதைப் பெட்டகம் என்று பெயர் மாற்றிக் கூப்பிடுவது மாதிரி. அந்தத் தலைப்பைத் தொட்டால் வலதுபக்கம் எழுத்தளவு மாற்றும் இடம் வரும், அங்கே குறைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, பேரனிடம் சொல்லி, தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமிலேயே ஒரே தடவையில் மாற்றிவிடச் சொல்வது.

சரி, உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். நான் செய்தால் இப்படி வைப்பேன்:

ஹெச்1: செட்டிநாட்டுப் பலகாரங்கள், வகையும் விலையும்
– ஹெச்2: இனிப்பு
– – ஹெச்3: மணகோலம்
– – ஹெச்3: மாவுருண்டை
– – ஹெச்3: அதிரசம்
– ஹெச்2: காரம்
– – ஹெச்3: தேன்குழல்
– – ஹெச்3: சீப்புச் சீடை
– – ஹெச்3: கைமுறுக்கு
– ஹெச்2: எத்தனை நாள் கெடாமல் இருக்கும்
– ஹெச்2: ஆர்டர் கொடுப்பது எப்படி
– – ஹெச்3: தமிழ்நாட்டுக்குள்
– – ஹெச்3: வெளிநாட்டுக்கு
– ஹெச்2: கல்யாணம், சாந்திக்கு மொத்தமாக வேண்டுமென்றால்

இதில் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் இல்லையே என்பீர்கள். அவை தபாலில் போகிற பலகாரமா? உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் என்று தனியாக ஒரு ஹெச்2 வைத்து அங்கே சேருங்கள். பார்த்தீர்களா, தலைப்பு எழுதும்போதே சரக்கும் பிரிந்துகொள்கிறது. எனக்குப் பக்கம் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் வாங்குவது போட்டோவோ லோகோவோ இல்லை, இந்த மாதிரித் தலைப்புப் பட்டியல்தான். அது கைக்கு வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஹெச்1 பற்றி மூன்று விஷயம். வேர்ட்பிரஸில் பக்கத்தின் மேலே தனியாகப் பெயர் எழுதுகிறீர்கள் இல்லையா, பெரும்பாலான தீம்களில் அதுவே ஹெச்1 ஆகிவிடும். அதனால் உள்ளே எழுதும்போது நீங்கள் ஹெச்1-ஐத் தொடவே வேண்டாம். எடிட்டரில் தலைப்புக்கென்று இருக்கும் பிளாக்கைச் சேர்த்தாலே ஹெச்2-இல்தான் தொடங்கும், அது காரணத்தோடு வைத்த ஏற்பாடு.

இரண்டாவது, நீங்கள் மேலே உ போட்டு, சிவமயம் என்று எழுதி, இரண்டுக்கும் ஹெச்1 கொடுத்திருக்கிறீர்கள். பிள்ளையார் சுழி இல்லாமல் நம் வீட்டில் சாமான் பட்டியல்கூட எழுத மாட்டோம், தெரியும். தாராளமாக இருக்கட்டும். ஆனால் சாதாரண வரியாக, நடுவில் வைத்து, வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கி வையுங்கள். இப்போது அண்ணன் காதில் முதலில் விழுவது “உ, தலைப்பு, நிலை ஒன்று”. வருகிறவர் பலகாரப் பக்கத்துக்குத்தான் வந்தோமா என்று குழம்புவார். “வாங்க, வாங்க” என்ற உங்கள் வரவேற்புக்கும் இதே கதிதான், அழகான வரி, தலைப்பாக வேண்டாம்.

மூன்றாவது, யூடியூபில் பழைய வீடியோ பார்த்துவிட்டு யாராவது உங்களிடம், ஒவ்வொரு பகுதிக்கும் ஹெச்1 போடலாம், பிரவுசரே படிநிலையைக் கணக்கிட்டுக்கொள்ளும் என்று சொல்லக்கூடும். அது முழுப் பொய்யும் இல்லை. 2014-இல் வந்த ஹெச்டிஎம்எல்5 தரத்தில் அப்படி ஒரு கணக்கீடு எழுதப்பட்டிருந்தது. உள்ளே இருக்கும் ஹெச்1-இன் எழுத்தைப் பிரவுசர்கள் சிறிதாக்கிக் காட்டவும் செய்தன. ஆனால் திரைபடிப்பான்களுக்குப் படிநிலையை மாற்றிச் சொல்லும் வேலையை எந்தப் பிரவுசரும் செய்யவில்லை. கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என்று ஆயிற்று. கடைசியில் 2022-இல் அந்தப் பகுதியைத் தரத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். அந்த அறிவுரை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஹெச்2-க்குக் கீழே ஹெச்3 வைக்காமல் நேராக ஹெச்4-க்குத் தாவலாமா? விதியை மீறினாய் என்று யாரும் கையைப் பிடிக்க முடியாது, தவிர்க்கச் சொல்லி அறிவுரைதான் இருக்கிறது. ஆனால் கேட்கிறவருக்கு, நடுவில் எதையோ தவற விட்டுவிட்டோம் என்று தோன்றி, திரும்பிப் போய்த் தேடுவார். இறங்கும்போது ஒவ்வொரு படியாக இறங்குங்கள். ஏறும்போது எத்தனை படியை வேண்டுமானாலும் தாண்டலாம், ஹெச்4 முடிந்து அடுத்தது ஹெச்2 என்றால் அதில் ஒரு தப்பும் இல்லை.

இன்னொரு ஆசை வரும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சேர்மானம், அளவு, விலை என்று ஒவ்வொரு பலகாரத்துக்கும் கீழே மூன்று ஹெச்4 வைக்கத் தோன்றும். ஒழுங்காகத்தான் தெரியும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே நான் கொடுத்த அமைப்பில் அண்ணன் பக்கத்தின் உச்சியிலிருந்து சீப்புச் சீடைக்கு வர எட்டுத் தள்ளல் போதும். அதற்கு முன்னால் நாலு பலகாரம் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் மூன்று சேர்ந்தால் பன்னிரண்டு கூடி, இருபது தள்ளல் ஆகிவிடும். ஒரு வரியில் சொல்ல முடிந்ததற்குத் தலைப்பு எதற்கு? “அரைக் கிலோ, ஒரு கிலோ டப்பாக்களில்” என்று எழுதி விலையைப் பக்கத்தில் போட்டால் முடிந்தது.

சொல்லமைப்பு. இதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது, கவனியுங்கள். நம் மொழியில் அடைமொழி முன்னால் வரும், பெயர் கடைசியில் வரும். “எங்கள் பாரம்பரியக் கைப்பக்குவத்தில் மொறுமொறுப்பான தேன்குழல்” என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். வேகமாகத் தாவுகிறவர்கள் முதல் இரண்டு சொல்லைக் கேட்டதுமே அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். உங்கள் பக்கத்தில் வரிசையாக அவர்கள் கேட்பது: எங்கள் பாரம்பரிய, எங்கள் பாரம்பரிய, எங்கள் பாரம்பரிய. கண்ணால் படிக்கிறவர்களும் இதே ரகம்தான். 2006-இல் வலைப்பக்கப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 232 பேரின் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தபோது, ஒவ்வொரு வரியின் தொடக்கத்தை மேய்ந்துவிட்டுக் கீழே போகிற பழக்கம்தான் அதிகம் தெரிந்தது. ஆகவே தலைப்பில் “தேன்குழல்” மட்டும். மொறுமொறுப்பு, கைப்பக்குவம், பாட்டியின் ரகசியம் எல்லாம் கீழே இருக்கும் பத்திக்கு.

அலங்காரத் தலைப்புகளிலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. “சுவையின் சங்கமம்”, “நாவில் ஒரு திருவிழா” என்று போட்டால் உள்ளே இனிப்பு இருக்கிறதா, காரம் இருக்கிறதா, கூரியர் கட்டணம் இருக்கிறதா? நோட்டீஸில் அடிக்கலாம். தேடி வந்தவருக்கு அது பூட்டிய கதவில் கோலம் போட்ட மாதிரி. கேள்வியாகத் தலைப்பு வைக்கலாம், ஆனால் ஜனங்கள் உண்மையிலேயே கேட்கிற கேள்வியாக இருக்க வேண்டும். “எத்தனை நாள் கெடாமல் இருக்கும்” என்பது உங்கள் போனுக்குத் தினமும் வருகிற கேள்விதானே.

பிரஸ்ஸில் அடித்துக் கொடுத்த படத்தையே தலைப்பாக வைக்கிற பழக்கமும் நம் பக்கம் அதிகம். ஆத்தங்குடிப் பூக்கல் மாதிரி பார்டர் போட்டு, நடுவில் தங்க நிறத்தில் “காரம்”. பார்க்க ஜோர். அது படம், எழுத்து இல்லை. டாக்பேக் “படம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும், தேடல் இயந்திரமும் அதைத் தலைப்பாக எண்ணாது, போனில் பெரிதாக்கினால் மங்கிப்போகும். பார்டரைப் பின்னணியில் வைத்துக்கொண்டு எழுத்தை எழுத்தாகவே வையுங்கள்.

எழுத்து என்றதும் தமிழுக்கு மட்டுமான இன்னும் இரண்டு. ஆங்கிலத்தில் தலைப்பைப் பெரிய எழுத்தில் எழுதி வேறுபடுத்திக் காட்டுவார்கள். நமக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று இரண்டு வரிசை கிடையாது. சாய்வெழுத்து மரபும் அவ்வளவாக இல்லை. அளவு, தடிமன், நிறம், மேலே கீழே விடும் இடம், இவ்வளவுதான் கையில். அதனால் தலைப்புக்கு மேலே தாராளமாக இடம் விடுங்கள், கீழே குறைவாக. அப்போதுதான் தலைப்பு கீழே இருக்கும் பத்தியோடு ஒட்டி நிற்கும், நடுவில் மிதக்காது.

இன்னொன்று வரி இடைவெளி. வெளிநாட்டில் செய்த தீம்களில் தலைப்பின் வரி உயரத்தை எழுத்தைப் போல 1.1, 1.2 மடங்கு என்று நெருக்கி வைத்திருப்பார்கள், ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் மேலே விசிறி, கீழே சுழி. ஒரு வரியின் “பூ”வும் அடுத்த வரியின் “தீ”யும் மோதிக்கொள்ளும், சில இடத்தில் உச்சி வெட்டுப்படும். நான் தமிழ்த் தலைப்புக்கு 1.4-க்குக் குறைவாக வைப்பதே இல்லை. அந்த எழுத்துருவில் உண்மையான தடித்த வடிவம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் பிரவுசர் தானே மசியை அப்பி, “ண”, “ஞ” போன்ற எழுத்துகளின் உள்சுழியை அடைத்துவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி பல தடிமனில் கிடைக்கும் எழுத்துரு என்றால் கவலையில்லை.

மொழிக் குறியையும் மறக்காதீர்கள். உங்கள் தளத்தின் அமைப்பில் மொழி ஆங்கிலம் என்று இருக்கிறது, பேரன் கவனிக்கவில்லை போல. பக்கம் ஆங்கிலம் என்று அறிவித்துக்கொண்டால் சில படிப்பான்கள் ஆங்கிலக் குரலை வைத்துத் தமிழைப் படிக்கப் பார்த்து உளறும், அல்லது வாயைத் திறக்காது. பொது அமைப்புகளில் தளத்தின் மொழியைத் தமிழ் என்று மாற்றினால் போதும். தலைப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் இதைச் செய்யாவிட்டால் வீண்.

கூகுளைப் பற்றிக் கேட்டீர்கள். பக்கம் எதைப் பற்றியது என்று புரிந்துகொள்ளத் தலைப்பை அது பயன்படுத்திக்கொள்கிறது, தேடல் முடிவில் காட்டும் பெயரைச் சில நேரம் ஹெச்1-இலிருந்தே எடுக்கிறது. அவ்வளவுதான். ஹெச் எண்களின் வரிசை சரியாக இருப்பது திரைபடிப்பான்களுக்கு நல்லது, தேடலில் அதனால் ஏற்ற இறக்கம் இல்லை என்று கூகுளே தன் தொடக்க வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. தலைப்புக்குள் காரைக்குடி, செட்டிநாடு, ஆன்லைன், பெஸ்ட் என்று எல்லாவற்றையும் திணிக்கச் சொல்லிப் பணம் கேட்டு யாராவது வந்தால் ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வேலையைச் சுலபமாக்க ஒன்றிரண்டு. வேர்ட்பிரஸில் புதிய வரியில் இரண்டு ஹாஷ் குறி போட்டு இடைவெளி தட்டினால் அது தானாக ஹெச்2 பிளாக் ஆகும், மூன்று போட்டால் ஹெச்3. எடிட்டரின் மேலே பட்டியல் மாதிரி ஒரு குறி இருக்கும், அதைத் திறந்து அவுட்லைன் என்ற பகுதிக்குப் போனால் உங்கள் தலைப்புகள் மட்டும் படிப்படியாகத் தெரியும், எண் தப்பாக இருந்தால் அங்கேயே சுட்டிக் காட்டும். முதலில் வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ டைப் செய்து பழக்கம் என்றால், அங்கேயே ஹெடிங் ஸ்டைலைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள், ஒட்டும்போது குறியும் கூடவே வந்துவிடும். வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டினால் ஒன்றும் வராது, நட்சத்திரம்தான் வரும். பேரன் கம்ப்யூட்டரில் பார்ப்பதாக இருந்தால் ஹெடிங்ஸ்மேப் என்ற பிரவுசர் நீட்சியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தத் தளத்தின் தலைப்பு அமைப்பையும் அது ஓரத்தில் பிரித்துக் காட்டும். பெரிய கம்பெனிகளின் தளத்தைத் திறந்து பார்த்தால் உங்களுக்கே கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

கடைசியாக ஒரு வசதி. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் தேன்குழல் மட்டும் கேட்டால், முழுப் பக்கத்தையும் அனுப்பாமல் அந்தத் தலைப்புக்கே நேராகப் போகும் இணைப்பை அனுப்பலாம். தலைப்பு பிளாக்கின் அட்வான்ஸ்டு பகுதியில் ஹெச்டிஎம்எல் ஆங்கர் என்ற இடத்தில் ஒரு பெயர் கொடுத்தால் போதும். அந்தப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில், சிறியதாக, இடைவெளி இல்லாமல் கொடுங்கள். தமிழில் கொடுத்தாலும் வேலை செய்யும். ஆனால் இணைப்பை நகலெடுக்கும்போது பல இடங்களில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறியும் எண்ணுமாக ஒன்பது எழுத்தாக விரியும். மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் தேன்குழல் என்ற ஒரு சொல்லில் ஒன்பது குறி, ஆக 81 எழுத்து. வாட்ஸ்அப்பில் அது பாம்பு மாதிரி நெளிவதைப் பார்த்துவிட்டு மோசடி இணைப்போ என்று பயந்து தொடாமலே விட்டவர்கள் உண்டு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. முதலில் தளத்தின் மொழியை மாற்றுங்கள், அப்புறம் பிள்ளையார் சுழியின் ஹெச்1-ஐ எடுங்கள், பிறகு மேலே கொடுத்த அமைப்பின்படி எண்களைத் திருத்துங்கள். முடிந்ததும் ஒரு சாயங்காலம் அண்ணன் கையில் போனைக் கொடுத்து, சீப்புச் சீடை என்ன விலை என்று கேளுங்கள். எட்டாவது தள்ளலில் வர வேண்டும். தீம் தன் பங்குக்கு மெனுவிலோ ஓரத்திலோ தலைப்பு சேர்த்திருந்தால் ஒன்றிரண்டு கூடலாம். அதற்கு மேல் போனால் எந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறார் என்று அவரையே கேட்டுக் குறித்து வையுங்கள். மணகோலம் வாங்க எப்படியும் அடுத்த வாரம் பள்ளத்தூர் வருகிறேன், அப்போது உட்கார்ந்து பார்த்துவிடலாம்.